காட்டையும் மின்சாரத்தையும் ஒரே சட்டத்தில் எழுதியவர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொதுவாழ்வும் இயற்கை வளமும் என்ற பொருளில் பேசும்படி கேட்டிருந்தீர்கள். பொருள் கடல் அளவு, நேரமோ ஒரு மணி. ஆகவே ஒரே ஒரு மனிதரை எடுத்துக்கொள்கிறேன். அமைச்சராகவோ ஆளுநராகவோ இருந்தவரல்ல அவர். நாற்பது ஆண்டுகள் மக்கள் பிரதிநிதியாக மட்டுமே உட்கார்ந்திருந்தவர். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் நாரிஸ். 1903 முதல் 1913 வரை பிரதிநிதிகள் அவையிலும், 1913 முதல் 1943 வரை செனட்டிலும் இருந்தார்.

மலைச்சரிவில் உள்ள காடு, அதிலிருந்து இறங்கும் ஆறு, அந்த ஆற்றில் கிடைக்கும் மின்சாரம் ஆகிய மூன்றும் ஒரே சொத்து, அது பொதுச்சொத்து, அதை ஒரே கையில் வைத்து நிர்வகிக்க வேண்டும் என்பது நாரிஸின் கொள்கை. அதைச் சட்டமாக்கவும் செய்தார். சட்டமான பிறகு அந்த மூன்றில் மின்சாரம் மட்டும் ஓங்கி வளர்ந்தது, காடு பின்தங்கியது. அது ஏன் என்பதுதான் இன்றைய உரையின் கேள்வி. அவரைப் புகழ்வதற்காக மட்டும் நான் வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வறண்ட நாட்டு நீதிபதி

நாரிஸ் 1861-இல் ஒஹையோவில் ஒரு பண்ணையில் பிறந்தார். மூன்று வயதில் தந்தையை இழந்தார். அதே ஆண்டில் அண்ணனும் உள்நாட்டுப் போரில் மாண்டார். தாயின் உழைப்பில் வளர்ந்து, சட்டம் படித்து, 1885-இல் நெப்ராஸ்காவுக்கு வந்து சேர்ந்தார். 1890-களின் வறட்சியும் விலைவீழ்ச்சியும் அங்கே உழவர்களை அடமானக் கடனில் தள்ளியிருந்தன. 1895 முதல் மாவட்ட நீதிபதி. தன் முன் வந்த ஏல வழக்குகளில், கடன்காரர் நேர்மையானவர், ஒரு நல்ல விளைச்சல் வந்தால் மீண்டுவிடுவார் என்று தோன்றினால், ஏலத்தை உறுதிசெய்வதைத் தள்ளிப்போட்டார். மழை பொய்த்தால் ஒரு குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதை அவர் வழக்குக் கட்டுகளிலேயே பார்த்தவர்.

நெப்ராஸ்கா மரம் குறைந்த புல்வெளி நாடு. மரம் நடும் நாள் என்ற வழக்கம் 1872-இல் அங்கேதான் தொடங்கியது. ஹால்சி என்ற ஊருக்கருகே மணல் மேடுகளில் மனிதக் கையால் நட்டு உருவாக்கிய காடு ஒன்று இருக்கிறது. தானாய் வளர்ந்த காட்டைக் காப்பது பிற மாநிலத்தார் கவலை. நெப்ராஸ்காக்காரர்களுக்குக் காடு என்பது செலவு செய்து உண்டாக்க வேண்டிய ஒன்று. சாலை, பாலம் போல அதையும் கட்டுமானமாகவே நாரிஸ் கருதியதற்கு இந்த மண்ணும் ஒரு காரணம்.

அவருடைய தன்வரலாற்றில் ஒரு செய்தி வருகிறது. வயதான தாய் வெயிலில் ஒரு பழமரக் கன்றை நட்டுக்கொண்டிருக்கிறார். இது காய்க்கும்போது நீ இருக்கமாட்டாயே என்று மகன் கேட்கிறான். நான் இல்லாவிட்டால் என்ன, யாராவது இருப்பார்கள் என்ற பொருளில் தாய் பதில் சொல்கிறார். இதைப் பலர் உருக்கத்தோடு எடுத்துச் சொல்வதுண்டு. எனக்கு அதில் தெரிவது வேறு: தாய் நட்டார், ஆனால் அந்த ‘யாராவது’ யார் என்று சொல்லவில்லை. மகனின் சட்டங்களிலும் அந்த இடம் காலியாகவே இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆறாவது பிரிவு

1913-இல் செனட்டுக்கு வந்ததும் நாரிஸ் ஒரு பெரிய சர்ச்சையில் சிக்கினார். யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் ஹெட்ச் ஹெட்சி என்ற பள்ளத்தாக்கு. அதை அணை கட்டி நிரப்பி, சான் பிரான்சிஸ்கோ நகருக்குக் குடிநீரும் மின்சாரமும் எடுக்க வேண்டும் என்று ஒரு மசோதா. இயற்கைக் காவலர் ஜான் மியூர் கடுமையாக எதிர்த்தார். அரசு வனத்துறையை உருவாக்கிய கிஃபோர்ட் பின்ஷாட் ஆதரித்தார். காட்டை நேசித்தவர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

நாரிஸ் அணையின் பக்கம் நின்றார். அவருக்குப் பள்ளத்தாக்கின் அழகு தெரியாமல் இல்லை. அந்த ஆற்றின் மின்சாரம் தனியார் கம்பெனியிடம் போகாமல் நகரத்தாரிடம் நேரே போகும் என்பதே அவருக்குப் பெரிதாகப் பட்டது. அதற்குக் காவலாக, ராக்கர் சட்டம் என்ற பெயரில் நிறைவேறிய அந்த மசோதாவின் ஆறாவது பிரிவு இருந்தது. இந்த நீரையோ மின்சாரத்தையோ மறுவிற்பனை செய்யும் தனியார் கம்பெனிக்கு நகரம் விற்கக் கூடாது என்று அது சொன்னது.

நடந்தது என்ன? அணை 1923-இல் முடிந்தது. மலையிலிருந்து வந்த மின்கம்பி நகரம் வரை வரவில்லை. விரிகுடாவின் மறுகரையில் நியூவார்க் என்ற ஊரில், பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் கம்பெனியின் துணைமின்நிலையத்தருகே நின்றுவிட்டது. 1925-இல் நகரம் தன் மின்சாரத்தை அந்தக் கம்பெனியிடமே ஒப்படைத்தது. எங்கள் முகவராகத்தான் அவர்கள் விற்கிறார்கள் என்று விளக்கமும் சொன்னது. 1940-இல் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை, சட்டம் மீறப்பட்டது என்றே தீர்ப்பளித்தது. நகரமே விநியோகத்தை வாங்குவதற்கான கடன்பத்திரத்தை வாக்காளர்கள் மீண்டும் மீண்டும் தோற்கடித்தார்கள். பள்ளத்தாக்கு மூழ்கியது மூழ்கியதுதான். அதற்கு ஈடாகக் கிடைக்க வேண்டிய பொது மின்சாரம் முழுமையாகக் கிடைக்கவில்லை.

ஒரு பிரிவைச் சட்டத்தில் எழுதுவது பாதி வேலை. கடைசி முப்பது மைல் கம்பிக்குப் பணம் ஒதுக்குவது மீதி வேலை. இந்தப் பாடத்தை நாரிஸ் மின்சாரத்தைப் பொறுத்தவரை நன்றாகக் கற்றுக்கொண்டார்.

மசில் ஷோல்ஸ்

அலபாமாவில் டென்னசி ஆறு பாறைகளினூடே சரசரவென இறங்கிய இடம் மசில் ஷோல்ஸ். முதல் உலகப்போரின்போது வெடிமருந்துக்கு நைட்ரேட் தேவைப்பட்டதால் அரசு அங்கே இரண்டு ஆலைகளையும், அவற்றுக்கு மின்சாரம் தர வில்சன் அணையையும் கட்டத் தொடங்கியது. அணை முடிவதற்குள் போர் முடிந்துவிட்டது. இனி இதை என்ன செய்வது?

1921-இல் ஹென்றி ஃபோர்ட் வந்தார். ஆலைகளுக்கு 50 லட்சம் டாலர் தருகிறேன், அணையை நூறு ஆண்டுக் குத்தகைக்குத் தாருங்கள் என்றார். அரசு அங்கே கொட்டியிருந்த பணத்தோடு ஒப்பிட்டால் அந்தத் தொகை அற்பம். ஆனால் மலிவு உரம் தருவேன் என்ற ஃபோர்டின் வாக்கை உழவர்கள் நம்பினார்கள். அந்த வட்டாரத்தில் மனை வியாபாரம் சூடுபிடித்தது. எங்கோ இருந்தவர்களெல்லாம் வராத நகரத்தில் மனை வாங்கினார்கள்.

நைட்ரேட் என்றால் உரம், உரம் என்றால் வேளாண்மை. எனவே ஃபோர்டின் திட்டத்துக்கான மசோதா செனட்டின் வேளாண்மை மற்றும் வனவியல் குழுவுக்குப் போனது. அதன் தலைவர் நாரிஸ். காடும் பயிரும் பார்க்க வேண்டிய குழுவின் மேசையில் ஓர் அணை வந்து விழுந்தது இப்படித்தான். ஃபோர்டின் திட்டத்தை அவர் குழுவிலேயே நிறுத்தினார். 1924-இல் ஃபோர்ட் பின்வாங்கினார்.

எதிர்ப்பதோடு அவர் நிற்கவில்லை. ஆற்றைப் படித்தார். மழைக்காலத்தில் டென்னசி பெருகிப் பாழாகிறது, கோடையில் இளைத்துப்போகிறது. வெறும் வில்சன் அணையால் ஆண்டு முழுதும் நம்பத்தகுந்த மின்சாரம் தர முடியாது. மேலே, கிளை ஆறான கிளிஞ்சில், கோவ் கிரீக் என்ற இடத்தில் பெரிய அணை கட்டி வெள்ளத்தைத் தேக்கி வைத்தால் மூன்று காரியம் நடக்கும். கீழே வெள்ளம் தணியும், கோடையில் படகு போக நீர் இருக்கும், அதே நீர் வில்சன் அணையில் மீண்டும் ஒருமுறை மின்சாரம் தரும். ஆக, ஓர் அணையைத் தனியே விற்க முடியாது, விற்றால் ஆற்றை விற்றதாகும் என்பது அவர் வாதம்.

எல்லைக்கு அப்பால் கனடாவின் ஒன்டாரியோவில் அரசு மின்வாரியம் நயாகராவின் மின்சாரத்தை மலிவாகத் தந்துகொண்டிருந்தது. அந்த வீடுகளின் மின்கட்டண ரசீதுகளை வைத்து செனட்டில் வாதாடினார். தன் மசோதாவை 1928-இல் இரு அவைகளிலும் நிறைவேற்றினார். குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் கையெழுத்திடாமலே அதைச் சாகவிட்டார். 1931-இல் மீண்டும் நிறைவேற்றினார். அரசு குடிமக்களோடு வியாபாரத்தில் போட்டியிடக் கூடாது என்று சொல்லி, அடுத்த குடியரசுத் தலைவர் ஹூவர் திருப்பியனுப்பினார். இருவரும் நாரிஸின் சொந்தக் கட்சிக்காரர்கள்.

1933: ஒரு முகப்புரை

1933 ஜனவரியில், குடியரசுத் தலைவராகப் பதவியேற்கும் முன்பே, ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நாரிஸை அழைத்துக்கொண்டு மசில் ஷோல்ஸைப் பார்க்கப் போனார். மே 18-ஆம் தேதி டென்னசி பள்ளத்தாக்கு ஆணையச் சட்டம் கையெழுத்தானது. அதன் முகப்புரையை மாணவர்கள் படித்துப் பார்க்க வேண்டும். முதலில் படகுப் போக்குவரத்து, அடுத்து வெள்ளத் தடுப்பு. உடனே மூன்றாவதாகக் காடு வளர்ப்பும் விளைச்சல் குறைந்த நிலங்களின் தக்க பயன்பாடும் வருகின்றன. அதன் பிறகே வேளாண்மை, தொழில், நாட்டுப் பாதுகாப்பு. மின்சாரம் என்ற சொல்லே முகப்புரையில் இல்லை. அரசமைப்புச் சட்ட வழக்குகளுக்கு அஞ்சி அப்படி எழுதினார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் காடு அங்கே ஒப்புக்கு வைக்கப்படவில்லை.

அந்தப் பள்ளத்தாக்கு ஏழு மாநிலங்களைத் தொட்டுக் கிடக்கிறது. மழை அதிகம், சரிவுகளில் மரத்தை வெட்டி மக்காச்சோளமும் பருத்தியும் போட்டுப் போட்டு மேல்மண் ஓடிவிட்டது. ஓடிய மண் அணைக்குள் வந்து படிந்தால் அணையின் ஆயுள் குறையும். எனவே சரிவைக் கட்டாமல் ஆற்றைக் கட்டக் கூடாது.

முதல் ஆண்டுகளில் இந்தக் கணக்கு உயிரோடு இருந்தது. வேலையற்ற இளைஞர்களுக்காக அரசு நடத்திய முகாம்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நீர் அரித்த ஓடைக்குழிகளில் குறுக்கே கழிகளை அடித்து, விறகுச் சுள்ளியும் கம்பிவலையும் வைத்துச் சிறு தடுப்புகள் கட்டினார்கள். தடுப்புக்குப் பின்னால் மண் தங்கியதும் அதில் கன்று நட்டார்கள். வேர் சீக்கிரம் படர்ந்து மண்ணைப் பிடிக்கும் லோக்கஸ்ட் மரமும் பைனும் அதிகம் நடப்பட்டன. அதற்கென அந்தச் சட்டம் உருவாக்கிய ஆணையமே நாற்றங்கால்களை வைத்திருந்தது. மசில் ஷோல்ஸ் ஆலை வெடிமருந்தை விட்டுவிட்டுப் பாஸ்பேட் உரம் பற்றிய ஆராய்ச்சிக்கு மாறியது. அந்த உரத்தை வாங்கிய உழவர்கள் சரிவில் சோளத்தை நிறுத்திப் புல்லும் பயறும் போட்டார்கள்.

கோவ் கிரீக் அணை 265 அடி உயரத்தில் 1936-இல் முடிந்தது. அதற்கு நாரிஸ் அணை என்றே பெயர். இங்கே நிழலையும் சொல்ல வேண்டும். அந்த நீர்த்தேக்கத்துக்காக ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் வெளியேறின. 5,000-க்கும் மேற்பட்ட கல்லறைகள் தோண்டி இடம் மாற்றப்பட்டன. நிலம் வைத்திருந்தவருக்கு விலை கிடைத்தது. குத்தகைக்கு உழுதவருக்கு அதுவும் இல்லை. அணைத் தொழிலாளருக்காகக் கட்டிய மாதிரி நகரில் கறுப்பினத்தவர் குடியேற அனுமதிக்கப்படவில்லை. பொதுச்சொத்து என்று சட்டம் சொன்னாலும், அந்தப் ‘பொது’வில் யார் யார் அடங்குவார்கள் என்பதைச் சட்டம் கேட்கவில்லை.

கம்பி எட்டாத பண்ணைகள்

1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. மைலுக்கு இரண்டு மூன்று வீடு மட்டும் இருக்கும் இடத்துக்குக் கம்பி இழுத்தால் கட்டாது என்பது தனியார் கம்பெனிகளின் நிலை. நாரிஸும் டெக்சஸின் சாம் ரேபர்னும் கொண்டுவந்த கிராம மின்மயமாக்கச் சட்டம் 1936 மே மாதம் நிறைவேறியது. அதன் வேலைமுறை எளிது. அரசு நீண்டகாலக் கடன் தரும். உழவர்கள் தலைக்கு ஐந்து டாலர் போட்டுக் கூட்டுறவுச் சங்கம் அமைக்க வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளில் கையெழுத்து வாங்கி, போதிய வீடு சேர்ந்ததைக் காட்டினால் கடன் கிடைக்கும். கம்பம் நடுவதும், கணக்கு எழுதுவதும், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பதும் அவர்களே. சங்கம் சேர்வதாகத் தெரிந்ததும் சில கம்பெனிகள் அவசரமாக ஓடிவந்து, செழிப்பான பண்ணைகளுக்கு மட்டும் கம்பி இழுத்துச் சங்கத்தின் இடுப்பை ஒடிக்கப் பார்த்ததும் உண்டு.

டென்னசி ஆணையம் வீடுகளுக்கு வைத்த கட்டணம் முதல் 50 யூனிட்டுக்கு 3 சென்ட், அடுத்த 150-க்கு 2, அதற்கடுத்த 200-க்கு 1 சென்ட். நம் ஊரில் யூனிட் கூடக் கூட விலை ஏறுகிறது. அங்கே கூடக் கூட இறங்கியது. மலிவானால் மக்கள் அதிகம் வாங்குவார்கள், அதிகம் வாங்கினால் மேலும் மலிவாகும் என்று கணக்கிட்டார்கள். கணக்கு பலித்தது. ஆனால் அந்தக் கட்டண அட்டையிலேயே பின்னால் வந்த வினையின் விதையும் இருந்தது.

நாரிஸின் சொந்த மாநிலம் ஒரு படி மேலே போனது. 1933-இல் நெப்ராஸ்கா பொது மின் மாவட்டங்கள் அமைக்கச் சட்டம் செய்தது. 1940-களின் நடுவில் மாநிலத்தின் மின்சாரம் முழுவதும் பொது உடைமையானது. அமெரிக்காவில் அப்படி இருக்கும் ஒரே மாநிலம் இன்றும் அதுதான். மின் மாவட்ட இயக்குநர்களை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.

மரவரிசை

மின்சாரத்துக்கு நடுவே நாரிஸ் காட்டை மறந்தார் என்று சொன்னால் அது அநியாயம். 1930-களின் புழுதிப்புயல்களுக்குப் பிறகு, வடக்கு டகோட்டா முதல் டெக்சஸ் வரை காற்றுத்தடுப்பு மரவரிசை நடும் திட்டத்தை ரூஸ்வெல்ட் தொடங்கினார். வனவியலார் சிலரே கேலி செய்தார்கள். நாடாளுமன்றம் பணம் தர மறுத்தது. நிவாரண நிதியில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தத் திட்டத்துக்குச் சட்டத்தில் காலூன்ற இடம் தந்தது 1937-இன் நாரிஸ்–டாக்ஸி பண்ணைக் காடு வளர்ப்புச் சட்டம்.

நடுவில் உயரமான காட்டன்வுட், ஆஷ், எல்ம், ஓரங்களில் சீடார், அதற்கும் வெளியே புதர்வகை என்று அடுக்கி நட்டார்கள். பக்கவாட்டில் பார்த்தால் ஓட்டு வீட்டுக் கூரைபோல ஏறி இறங்கும். காற்று அதன்மேல் வழுக்கிப் போகும். நட்டுவிட்டுப் போய்விட முடியாது. முதல் சில ஆண்டுகள் களை கொத்த வேண்டும், மாடு புகாமல் வேலி வேண்டும். அந்தப் பாடு நிலக்காரருடையது. 1942-க்குள் சுமார் 22 கோடி மரங்கள், 18,600 மைல் நீளத்துக்கு நடப்பட்டன. போர் வந்தது, திட்டம் நின்றது. 1970-களுக்குப் பிறகு வட்டமாகச் சுழன்று நீர் தெளிக்கும் பாசன எந்திரங்கள் வந்தபோது, அவற்றின் நீண்ட கைக்கு இடைஞ்சல் என்று பல மரவரிசைகள் வெட்டப்பட்டன.

யார் கணக்குக் கேட்டார்கள்?

இனி முதலில் வைத்த கேள்விக்கு வருகிறேன். டென்னசி ஆணையத்தின் மின்சாரத் தேவை போர்க்காலத்தில் ஏறியது. ஆறு போதவில்லை. 1950-களில் ஆணையம் நிலக்கரி நிலையங்களைக் கட்டிக் குவித்தது. மலிவுக் கட்டணத்துக்கு மலிவு நிலக்கரி வேண்டும். அது அப்பலாச்சிய மலைகளின் மேல்மண்ணையும் காட்டையும் உரித்தெடுக்கும் சுரங்கங்களிலிருந்து வந்தது. காடு வளர்க்கச் சட்டம் பெற்ற நிறுவனம், காட்டை உரித்தவர்களின் பெரிய வாடிக்கையாளரானது. 2008 டிசம்பரில், நாரிஸ் அணை நிற்கும் கிளிஞ்ச் ஆற்றின் கீழ்ப்பகுதியில், கிங்ஸ்டன் நிலையத்தின் சாம்பல் குட்டை உடைந்து 50 லட்சம் கன கஜத்துக்கும் மேற்பட்ட சாம்பல்சேறு எமரி ஆற்றிலும் வீடுகளிலும் பாய்ந்தது.

கூட்டுக் குடும்பத்தில் சம்பாதிக்கும் பிள்ளையின் சொல்லுக்குத்தான் மதிப்பு. ஆணையத்துக்குள்ளும் அதுவே நடந்தது. மின்சாரம் வருமானம் தந்தது. 1959-இல் அதற்குத் தனியே கடன்பத்திரம் திரட்டும் உரிமையும் கிடைத்தது. காடு, மண், நிலப்பணி ஆண்டுதோறும் நாடாளுமன்றத்திடம் கையேந்தின. 1990-களின் இறுதியில் அந்த நிதியும் நின்றது.

பணம் மட்டுமே காரணம் என்றும் சொல்லமாட்டேன். மின்சாரத்துக்கு மாதாமாதம் பில் வருகிறது. பில் வந்தால் கேள்வி வரும். கூட்டுறவுச் சங்கம், மின் மாவட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட இயக்குநர் என்று கேள்வி கேட்பதற்கான அமைப்பையும் நாரிஸ் உருவாக்கினார். சரிவில் மரம் இல்லையென்றால் யாருக்கும் பில் வராது. முப்பது ஆண்டு கழித்து நீர்த்தேக்கத்தில் வண்டலாக வரும். அப்போது அதற்குப் பொறுப்பேற்க ஒருவரும் இருக்கமாட்டார். காட்டை முகப்புரையில் வைத்தார், காட்டுக்காகக் கணக்குக் கேட்கும் ஒரு சங்கத்தை அவர் எழுதவில்லை. தாய் சொன்ன ‘யாராவது’ மின்சாரத்தில் ஐந்து டாலர் கட்டிய உறுப்பினராக ஆனார். காட்டில் கடைசிவரை யாரோவாகவே இருந்தார்.

தாமோதர் வரை

இது அமெரிக்கக் கதையோடு முடியவில்லை. 1943-இல் இந்தியாவின் தாமோதர் ஆற்றில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு டென்னசியை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும் என்று விஞ்ஞானி மேகநாத் சாஹா போன்றோர் வாதிட்டார்கள். டென்னசி ஆணையத்தின் பொறியாளர் வூர்டுயின் திட்டம் வரைந்தார். 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகச் சட்டம் வந்தது. கழகத்தின் கடமைகளில் பாசனம், மின்சாரம், வெள்ளத் தடுப்போடு காடு வளர்ப்பும் மண்ணரிப்புத் தடுப்பும் வரிசையாக எழுதப்பட்டன. எட்டு அணைகள் திட்டமிட்டு, 1953 முதல் 1959-க்குள் திலையா, கோனார், மைத்தான், பஞ்செத் என்று நான்கு கட்டினார்கள். இன்று கழகம் முதன்மையாக ஓர் அனல்மின் நிறுவனம். மைத்தானிலும் பஞ்செத்திலும் எதிர்பார்த்ததைவிட வேகமாக வண்டல் சேர்ந்தது. இலங்கையின் கல் ஓயா அபிவிருத்திச் சபையும் 1949-இல் அதே முன்மாதிரியில் பிறந்தது. சட்டவாசகம் கடல் கடந்து வந்தபோது, அதிலிருந்த இடைவெளியும் கூடவே வந்தது.

நாரிஸ் 1942 தேர்தலில் தோற்றார். 1944 செப்டம்பரில் தன் ஊரான மெக்குக்கில் காலமானார். இரண்டு குடியரசுத் தலைவர்களின் மறுப்பைத் தாண்டி பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே மசோதாவைத் தூக்கிச் சுமந்த ஒருவரை, குறை சொல்லி முடிப்பது என் நோக்கமல்ல. சட்டமன்ற உறுப்பினர் என்றால் திறப்புவிழாவில் நாடா வெட்டுபவர் என்று நாம் பழகிவிட்டோம். ஒரு பிரிவை எழுதி, அதைக் காவல்காக்கும் வேலை அது என்று அவர் வாழ்க்கை காட்டுகிறது. மின்சாரத்தில் அந்தக் காவலை அமைத்துவிட்டுப் போனார். காட்டில் அமைக்கவில்லை.

அந்த மிச்ச வேலை செய்யக்கூடியதுதான். அணை, மின்நிலையம், சாலை என்று எந்தப் பெருந்திட்டத்தின் சட்டத்திலும் காட்டுக்கும் நீர்நிலைக்கும் இடம்பெயர்ந்தோருக்கும் ஒரு பிரிவு இருக்கும். அந்தப் பிரிவுக்கு, ஆண்டு நிதிநிலை அறிக்கையை எதிர்பார்க்காமல், திட்டத்தின் வருமானத்திலேயே நிலையான பங்கு எழுதப்பட்டிருக்கிறதா? அந்தப் பங்குக்கு ஆண்டுதோறும் கணக்குக் கேட்க, அந்தச் சரிவில் வாழ்பவர்கள் தேர்ந்தெடுத்த ஆட்கள் உண்டா? இரண்டுக்கும் இல்லை என்பது பதிலானால், அந்தப் பிரிவு வெறும் முகப்புரை. மின்கட்டணம் ஏறினால் நாளை காலையே மறியல் செய்யத் தெரிந்த நமக்கு, இதைக் கேட்பது கைவராத காரியம் அல்ல. அடுத்த மசோதா வரும்போது உங்கள் தொகுதி உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள்.